நூலகத்தை வாசகரோடு சேர்ந்து மாற்றியமைக்க ஓர் இலவசக் கருவித்தொகுப்பு: எங்கே உதவுகிறது, எங்கே போதவில்லை

நூலகத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்பட்டதும் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை நடக்கிறது. கட்டடக்கலைஞர் வரைபடம் தயாரிப்பார். அதை நுழைவாயிலில் ஒட்டிப் பக்கத்தில் ஒரு கருத்துப்பெட்டி வைப்பார்கள். அதற்குள் சுவர், மாடிப்படி, கழிப்பறை எல்லாம் முடிவாகிவிட்டிருக்கும். வாசகர் சொல்லி மாற்றக்கூடியதாக மிஞ்சுவது நாற்காலியின் நிறம். இந்த வரிசையை மாற்றுவதற்காகவே 2010களின் நடுவில் 'டிசைன் திங்கிங் ஃபார் லைப்ரரிஸ்' என்ற கருவித்தொகுப்பு வந்தது. அமெரிக்காவின் சிகாகோ பொது நூலகமும் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர நூலகங்களும் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து இதைத் தயாரித்தன. பணம் கொடுத்தது கேட்ஸ் அறக்கட்டளை. பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

எங்கே தொடங்குவது என்று பிடிபடாத குழுவையும் வேலையைத் தொடங்க வைத்துவிடும் தொகுப்பு இது. ஆனால் இதை மட்டும் நம்பி ஒரு கட்டடத்தை மாற்றக் கூடாது. மக்களிடம் பேச, யோசனைகளைச் சேர்க்க, மலிவாகச் சோதித்துப் பார்க்க நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. கணக்கெடுப்பது, நூலகத்துக்கு வராதவர்களைத் தேடிப் போவது, கட்டடத்தின் பௌதிக வரம்புகள், முடிவெடுக்கும் உரிமை ஆகிய நான்கையும் நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொகுப்பில் மூன்று பகுதிகள் உண்டு: முதன்மைக் கையேடு, செயல்பாட்டுப் பயிற்சி ஏடு, ஒரே நாளில் முறையை அறிமுகப்படுத்தும் சுருக்கக் கையேடு. கையேட்டை ஒருவர் படித்தால் போதும். பயிற்சி ஏட்டைக் குழுவில் உள்ள எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுங்கள், உண்மையான வேலை அதில்தான் இருக்கிறது. ஒருநாள் கையேட்டை ஊழியர் கூட்டத்தில் முறையைப் பழக்க வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நாளில் வந்ததைக் கொண்டு இடத்தை மாற்றத் தொடங்கினால், அது ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை வாசகர் விருப்பம் என்று எழுதிவைப்பதாகவே முடியும்.

முறை மூன்று கட்டங்களாக நகர்கிறது: மக்களிடமிருந்து கற்பது, யோசனைகளை உருவாக்குவது, செய்து பார்த்துத் திருத்துவது. அதற்கு முன்னால் கேள்வியை வகுக்கச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பின்னால் வரும் எல்லாமே இதைப் பொறுத்ததுதான். "நூலகத்தை நவீனமாக்குவது எப்படி?" என்ற கேள்வியை எந்தப் பக்கமும் இழுக்கலாம். "குழந்தைகள் பகுதிக்கு வண்ணச் சுவர் எப்படி அமைக்கலாம்?" என்பதில் விடை முன்பே ஒளிந்திருக்கிறது. "பள்ளி விட்டதும் வரும் பதின்ம வயதினர், வீட்டார் வந்து அழைத்துப்போகும் வரை இரண்டு மணி நேரம் தங்குவதற்கு என்ன செய்யலாம்?" என்றால் யார், எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தெரிகிறது. ஆனாலும் அது அறையா, நேர மாற்றமா, ஒரு ஊழியரா என்பது திறந்தே இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு கேள்வி போதும். மூன்று கேள்விகளோடு தொடங்கும் குழு மூன்றிலும் மேலோட்டமான விடையோடுதான் திரும்பும்.

நேர்காணல் பகுதி தொகுப்பின் பலம். என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டால் நிறையப் புத்தகம், கூடுதல் நேரம், நல்ல இணையம் என்றுதான் பதில் வரும். இதை அறிய யாரையும் கேட்கத் தேவையில்லை. கடைசியாக வந்த நாளை வாசலில் நுழைந்தது முதல் கிளம்பியது வரை சொல்லச் சொன்னால் வேறு விஷயங்கள் வரும்: குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே படிவம் நிரப்பியது, மின்செருகி தேடி மூன்று முறை இடம் மாறியது, பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கழிப்பறைக்குப் போகாமலே இருந்தது. ஒரு நேர்காணலுக்கு இரண்டு பேர் போங்கள்; ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் போதும். ஒவ்வொரு வகைப் பயனரிலும் ஐந்து முதல் எட்டுப் பேரைப் பார்த்தால் சொன்னதே திரும்ப வரத் தொடங்கும். குறிப்புகளை அன்றைக்கே உட்கார்ந்து முழுதாக எழுதிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் அவர்கள் சொன்ன வார்த்தை போய், நாம் புரிந்துகொண்டதுதான் தாளில் ஏறும்.

வேலையில் இருக்கும் நூலகர் சீருடையோடும் அடையாள அட்டையோடும் கேட்டால் பலர் குறை சொல்ல மாட்டார்கள். நாளைக்கும் அதே மேசைக்கு வர வேண்டியவர்கள் அவர்கள். வேறு கிளையின் ஊழியரை வரவழைத்துக் கேட்க வையுங்கள்.

கணக்கெடுப்பதில் தொகுப்பு மெலிந்திருக்கிறது. கூர்ந்து கவனியுங்கள் என்கிறது, எப்படிக் கணக்கெடுப்பது என்று சொல்வதில்லை. இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல முறை இருக்கிறது. கனடாவில் டொராண்டோ, வான்கூவர் மைய நூலகங்களில் ஆய்வாளர்கள் குறித்த நேரங்களில் தளம் முழுதும் நடந்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள். 2003இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரு சிறிய கிளைக்கும் அதைச் செய்யலாம். தளவரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டு ஒவ்வொரு இருக்கைக்கும் எண் கொடுங்கள். திறந்த ஒரு மணி நேரத்தில், முற்பகலில், பிற்பகலில், பள்ளி விட்ட பின், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன் என்று நாளைக்கு ஐந்து சுற்று. ஏழு நாளும் திறந்திருக்கும் நூலகத்தில் ஒரு வாரத்துக்கு 35 தாள் வரும். ஆள் இருக்கிறாரா, தனியாகவா சேர்ந்தா, மேசையில் புத்தகமா கணினியா தாளா, பக்கத்து நாற்காலியில் பை இருக்கிறதா என்பதை மட்டும் குறியுங்கள். பெயர், புகைப்படம், தோற்ற விவரம் எதுவும் வேண்டாம். தேர்வுக் காலத்தில் ஒரு வாரம், சாதாரண நாட்களில் ஒரு வாரம் எடுக்காவிட்டால் கணக்கு ஒருபக்கமாகச் சாயும்.

இந்தத் தாள்கள் நேர்காணலில் வராததைக் காட்டும். நான்கு பேர் மேசையில் ஒருவர் உட்கார்ந்ததும் தெரியாதவர்கள் அங்கே உட்காரத் தயங்குவார்கள். பாதி இருக்கை காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்ற புகார் வருவதற்கு இதுதான் காரணம். இந்த நிலையில் கூடுதல் இருக்கை வாங்குவது வீண். சுவரைப் பார்த்த ஒற்றை இருக்கைகள், நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த மேசைகள், இரண்டு பேர் மேசைகள் என்று பிரித்தால் அதே பரப்பில் அதிகம் பேர் உட்காருவார்கள்.

வராதவர்கள் விஷயம் இதைவிடப் பெரியது. வழக்கமான வாசகர்களை மட்டும் பார்க்காமல், அதிகம் பயன்படுத்துபவர்களையும் அறவே பயன்படுத்தாதவர்களையும் பார்க்கச் சொல்லித் தொகுப்பு சரியாகவே அறிவுறுத்துகிறது. ஆனால் அந்த இரண்டாம் வகையினரை எங்கே போய்ப் பிடிப்பது? நூலகத்துக்குள் வைத்த பட்டறைக்கு அவர்கள் வர மாட்டார்கள். பேருந்து நிறுத்தம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை, துணி துவைக்கும் நிலையம், வேலைவாய்ப்பு அலுவலகம் என்று அவர்கள் ஏற்கெனவே காத்திருக்கும் இடங்களுக்கு நாம்தான் போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிகிற மூன்று கேள்விகளோடு போனால் போதும். லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் இப்படிப் பயனரல்லாதவர்களையும் சேர்த்து விசாரித்தபோது, நூலகம் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்தால் வருவோம் என்று மக்கள் சொன்னார்கள். அதன்பின்தான் அங்கே 'ஐடியா ஸ்டோர்' என்ற பெயரில் நூலகமும் வகுப்பறையும் சேர்ந்த மையங்களைக் கடைகள் உள்ள இடங்களில் கட்டினார்கள். அந்தப் பகுதியின் போ (Bow) என்ற இடத்தில் 2002இலும் ஒயிட்சேப்பலில் 2005இலும் திறந்தார்கள். உள்ளே இருப்பவர்களை மட்டும் கேட்டிருந்தால் இடத்தை மாற்றச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வழி ஏற்கெனவே பழகியது.

இரண்டாம் கட்டம் யோசனைச் சுற்று. விதிகள் தெளிவாக இருக்கின்றன, ஒட்டுத்தாளில் ஒரு யோசனை மட்டும் எழுதுவது, ஒருவர் சொன்னதை மற்றவர் வளர்ப்பது எல்லாம் நன்றாக ஓடும். தேர்ந்தெடுக்கும்போதுதான் தவறு நடக்கிறது. ஒட்டுப்புள்ளிகளைக் கையில் கொடுத்து, சுவரில் உள்ள யோசனைத் தாள்களில் வாக்காக ஒட்டச் சொன்னால், முதலில் நாலு புள்ளி விழுந்த தாளில்தான் மற்றவர்களும் ஒட்டுவார்கள். கிளைத் தலைவர் முதலில் ஒட்டினால் கேட்கவே வேண்டாம். எல்லோரும் தங்கள் தேர்வைச் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளட்டும், பிறகு ஒரே நேரத்தில் ஒட்டட்டும். குழந்தைகளுக்கும் அதிகம் பேசாதவர்களுக்கும் பேச்சைவிட வரைவது ஏற்றது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகத்தில் 2004 முதல் 2006 வரை ஒரு மானுடவியலாளர் மாணவர்களிடம் கேமரா கொடுத்துப் படம் எடுக்க வைத்தார். தங்களுக்குப் பிடித்த நூலகத்தைத் தாளில் வரையவும் சொன்னார்கள். அப்படி வரைந்ததை அப்படியே கட்ட வேண்டியதில்லை. ஒரு குழந்தை நூலகத்துக்குள் மரவீடு வரைந்தால் அது உயரத்தைக் கேட்கிறதா, ஒளிந்துகொள்ளக் கேட்கிறதா, பெரியவர் வராத இடம் கேட்கிறதா என்று அந்தக் குழந்தையையே கேட்டு, சொன்னதைத் தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.

மூன்றாம் கட்டமான செய்துபார்த்தலுக்காக மட்டுமே கூட இந்தத் தொகுப்பைத் தரவிறக்கலாம். அட்டை, காகிதம், நடிப்பு, சிறு முன்னோட்டம் என்று குறைந்த செலவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். தயாரித்த இரண்டு நூலகங்களும் இதை முன்பே செய்தவை. ஆர்ஹுஸ் மைய நூலகம் 2000களின் நடுவிலேயே தன் நுழைவுக் கூடத்தைச் சோதனைக்களமாக மாற்றிப் பார்த்தது. அங்கே கற்றது 2015இல் திறந்த டாக்1 என்ற புதிய மைய நூலகக் கட்டடத்துக்குப் போனது. சிகாகோவில் 2013 ஜூலையில் மைய நூலகத்தில் தொடங்கிய, மக்கள் தாங்களே பொருள்களைச் செய்துபார்க்கும் செய்முறைக் கூடம் முதலில் ஆறு மாத முன்னோட்டம் என்று அறிவித்துத்தான் திறக்கப்பட்டது. மக்கள் வந்ததால் தொடர்ந்தது. முன்னோட்டம் என்று வெளிப்படையாகச் சொல்லித் திறந்தால், சரிவராததை யாருக்கும் தலைகுனிவில்லாமல் மூடிவிட முடியும்.

இடத்தை முன்மாதிரியாகச் செய்ய சிறிய பொம்மை அமைப்பு போதாது. உண்மை அளவிலேயே செய்யுங்கள். தரையில் மாஸ்கிங் டேப்பால் சுவரையும் மேசையையும் வரைந்து, பெரிய அட்டைப்பெட்டிகளை அலமாரியாக அடுக்கி, சக்கர நாற்காலியிலும் குழந்தை வண்டியிலும் வருபவர்களை நடக்கவிட்டுப் பாருங்கள். இடைவழிக்கு 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். வரைபடத்தில் இது சரியாகவே இருக்கும். நாற்காலியைப் பின்னால் இழுத்து ஒருவர் உட்கார்ந்தபின் வழி அடைபடுவது டேப்பின் மேல் நின்றால்தான் தெரியும். சோதனையைக் குறைந்தது மூன்று வாரம் விடுங்கள். முதல் வாரத்தில் வருவது ஆர்வம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கடைசி வாரத்தில் மறுபடி இருக்கைக் கணக்கெடுப்பு நடத்தி, பழைய தாள்களோடு ஒப்பிடுங்கள்.

உறுதியான அட்டைக்கு வாசகர் மரியாதை கொடுப்பார், அதை மாற்ற மாட்டார். முன்மாதிரி மிக அழகாக இருந்தால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்சம் கரடுமுரடாக விட்டு, பக்கத்திலேயே டேப்பும் கத்தரியும் பேனாவும் வைத்தால் நகர்த்திப் பார்ப்பார்கள். தங்கள் கையால் நகர்த்தியதைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவார்கள்.

கட்டடத்தின் பௌதிக வரம்புகளைப் பற்றித் தொகுப்பில் ஏறக்குறைய எதுவும் இல்லை. சேவைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது இங்கே தெரிகிறது. அலமாரியை நகர்த்துங்கள் என்பது மக்கள் அடிக்கடி கேட்பது. ஆனால் புத்தகம் கனமானது. அமெரிக்கக் கட்டடத் தரத்தில் வாசிப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.9 கிலோநியூட்டன் (ஏறக்குறைய 300 கிலோ எடை) சுமை கணக்கு, நூல் அடுக்குகள் நிற்கும் தளத்துக்கு 7.2 (ஏறக்குறைய 730 கிலோ). வாசிப்பறையை நூல் அடுக்காக மாற்ற வேண்டுமென்றால் கட்டமைப்புப் பொறியாளர் சரிபார்க்காமல் ஒரு அலமாரிகூட நகரக் கூடாது. எதிர்த்திசையில், அடுக்குகளை எடுத்துவிட்டுக் கூட்ட அரங்கு செய்தால் சுமை பிரச்சினை இருக்காது. ஆனால் ஒரே நேரத்தில் அங்கே கூடும் ஆட்களின் எண்ணிக்கை ஏறிவிடும். வெளியேறும் கதவின் அகலம், அது திறக்கும் திசை, கழிப்பறைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

சத்தமும் அப்படித்தான். புத்தகம் நிறைந்த அலமாரிகள் ஒலியை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. அவற்றைக் குறைத்துத் திறந்த கூடமாக்கியதும் எதிரொலி கூடுகிறது. மூன்று மாதத்தில் அமைதி கேட்டுப் புகார்கள் வருகின்றன. திறந்த இடம் கேட்டவர்களும் அமைதி கேட்பவர்களும் பல நேரம் ஒரே ஆட்கள்தான். அலமாரி எடுக்கும் அதே ஒப்பந்தத்திலேயே கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகைகளையும் சேர்த்துவிடுங்கள். சத்தமான பகுதி நுழைவாயில், கழிப்பறை, மாடிப்படிக்குப் பக்கத்திலும், அமைதியான பகுதி ஆள் கடந்துபோகாத கோடியிலும் இருக்கட்டும். அமைதிப் பகுதிக்குக் கதவு வைத்த அறை கிடைத்தால் அதுவே நல்லது, அறிவிப்புப் பலகை அந்த வேலையைச் செய்யாது. வாசிக்கும் மேசையில் 500 லக்ஸ் வெளிச்சம் என்பது ஐரோப்பியத் தரம். சாய்விருக்கைகள் நிறைந்த பகுதியைக் கதகதப்பாக்க விளக்குகளைக் குறைப்பவர்கள், வயதானவர்கள் அங்கேதான் செய்தித்தாள் படிக்கிறார்கள் என்பதை இருக்கைக் கணக்கெடுப்புத் தாளில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சக்கரம் வைத்த அலமாரி வாங்குபவர்களுக்கு ஒன்று: உயரம் 1.4 மீட்டருக்கு மேல் போகாமலும், சக்கரம் பூட்டக்கூடியதாகவும் பெரிதாகவும் இருக்கட்டும். சின்னச் சக்கரம் கம்பள விளிம்பில் சிக்கிக்கொள்ளும். பிறகு யாரும் நகர்த்த மாட்டார்கள்.

இன்னும் முக்கியமான குறை, யார் முடிவு செய்வது என்பதைத் தொகுப்பு தொடாமல் விடுவது. மக்களிடம் யோசனை வாங்கிவிட்டு, முடிவை மூடிய அறையில் எடுத்து, காரணமும் சொல்லாவிட்டால் அடுத்த முறை கூப்பிடும்போது யாரும் வர மாட்டார்கள். முதல் கூட்டத்திலேயே மூன்று பட்டியல்களைச் சுவரில் ஒட்டுங்கள்: மாற்ற முடியாதவை (தாங்கும் சுவர், தீயணைப்பு வழி, மொத்தப் பணம்), உங்களைக் கேட்டு நாங்கள் முடிவு செய்பவை, நீங்களே முடிவு செய்பவை. மூன்றாவது பட்டியல் காலியாக இருந்தால் அதைப் பங்கேற்பு என்று அழைக்க வேண்டாம். கருத்துக்கேட்பு என்று நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி இதை நன்றாகச் செய்தது. அங்கே 'ஓடி' (Oodi) என்ற பெயருள்ள மைய நூலகம் 2018 டிசம்பர் 5 அன்று திறந்தது. ஆனால் 2012லேயே நகர மக்களிடம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கனவுகளைச் சேர்த்தார்கள். அதோடு 100,000 யூரோவை ஒதுக்கி, எந்த முன்னோட்டத் திட்டங்களுக்குச் செலவிடலாம் என்று மக்களையே முடிவு செய்ய விட்டார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2005இல் தொடங்கிய லைப்ரரி 10 என்ற சிறிய நூலகத்தில் இசைக்கருவி, ஒலிப்பதிவு, செய்முறைப் பணிமேசை போன்றவற்றைப் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்தார்கள். அதன் பணிகள்தான் பின்னர் ஓடிக்கு இடம்பெயர்ந்தன. இன்று ஓடியின் இரண்டாம் தளத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, ஒலிப்பதிவு அறை இருப்பதும், புத்தகங்கள் மேல்தளத்துக்குப் போனதும் ஒரே பட்டறையில் உதித்த யோசனை அல்ல.

அந்தத் தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தளபாடச் செலவில் ஒரு சிறு பங்கு போதும், ஆனால் முடிவு உண்மையிலேயே அவர்களுடையதாக இருக்க வேண்டும். பட்டறை முடிந்த நான்கு வாரத்துக்குள் ஒரு பலகை வையுங்கள். கேட்டது என்ன, செய்வது என்ன, செய்யாதது என்ன, ஏன் என்று நான்கு பத்தி. "ஏன்" பத்தியில் ஒரு வரி போதும். "மாலை ஒன்பது வரை திறக்க இன்னும் இரண்டு ஊழியர் வேண்டும், இந்த ஆண்டு அனுமதி இல்லை" என்று எழுதினால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பரிசீலிக்கப்படும் என்று எழுதினால் கோபப்படுகிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது.

தொகுப்பு இலவசம் என்பதால் வேலையும் இலவசம் ஆகிவிடாது. டேப், ஒட்டுத்தாள், அட்டை எல்லாம் சேர்ந்தும் சிறு தொகைதான். ஐந்து பேர் கொண்ட குழு வாரத்துக்கு அரைநாள் வீதம் பன்னிரண்டு வாரம் செலவிட்டால் முப்பது முழுநாள் ஊழியர் உழைப்பு. அதைப் பணி அட்டவணையில் எழுதி, அந்த நேரத்துக்கு மேசையில் மாற்று ஆள் போடாவிட்டால், மூன்றாவது வாரத்தில் நேர்காணல்கள் நின்றுபோகும். குழுவில் துப்புரவுப் பணியாளரையும் மாலை நேரக் காவலரையும் கட்டாயம் சேருங்கள். எந்த மேசை இழுத்து நகர்த்தப்படுகிறது, எந்த மூலையில் யார் தூங்குகிறார்கள், எந்தக் கதவு எப்போதும் அடைபட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பட்டறைக்கு வரும் மக்களுக்கும் நேரச் செலவு உண்டு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், போக்குவரத்துச் செலவு, ஒரு பகல் ஒரு மாலை என இரண்டு நேரங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால், ஓய்வு நேரம் உள்ளவர்கள் மட்டுமே நூலகத்தை வடிவமைப்பார்கள்.

சிறிய கிளை, தளபாடத்தையும் நேரத்தையும் நிகழ்ச்சியையும் மாற்ற நினைப்பது என்றால், இந்தத் தொகுப்போடு இருக்கைக் கணக்கெடுப்பைச் சேர்த்துக்கொண்டு தைரியமாகத் தொடங்கலாம். சுவரை இடிக்கும் வேலை என்றால் கட்டடக்கலைஞரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே முதல் கட்டத்தை முடித்து, அதன் முடிவுகளை அவருக்குக் கொடுக்கும் தேவை அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வரும் ஒவ்வொரு மாற்றமும் கூடுதல் கட்டணமாகத்தான் வரும். தளபாடப் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது திறப்பு நாளுக்கு முன் செலவிடாமல் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் அந்த ஏ3 தாள்களோடு தளத்தைச் சுற்றி வந்தபின், யாரும் உட்காராத நாற்காலிகளை மாற்ற அந்தப் பணம் வேண்டும்.